டெட்ராய்ட் காட்சியை வெட்டாதீர்கள்: நம் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

அமெரிக்க வக்கீல் கிளாரன்ஸ் டாரோ டேட்டன், சிகாகோ, டெட்ராய்ட் ஊர்களில் வாதாடிய மூன்று வழக்குகளை வைத்து, ஆண்டு விழாவில் மேல்வகுப்பு மாணவர்கள் நடத்தவிருந்த நாடகத்தின் மூன்று காட்சிகளில் இரண்டை நீக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. டேட்டன் காட்சி மட்டும் இருக்கட்டும், சிகாகோவும் டெட்ராய்ட்டும் வேண்டாம் என்கிறீர்கள். அதற்கு மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கொலைகாரர்களுக்காக வாதாடிய ஒரு வக்கீலைப் பிள்ளைகள் மேடையில் தூக்கிப் பிடிக்கக் கூடாது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் நடந்த தகராறு நம்முடைய விவகாரம் அல்ல. விழாவுக்கு வரும் அமெரிக்க விருந்தினர்கள் சங்கடப்படுவார்கள். இந்த மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. முடிவைப் பிள்ளைகளிடம் நானே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை நான் செய்யப் போவதில்லை. உங்களில் இருவரிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன், பெரிதுபடுத்த வேண்டாம் என்ற பதில்தான் வந்தது. அதனால்தான் பெற்றோர் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த வக்கீல். கிளாரன்ஸ் டாரோ 1857இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்து கின்ஸ்மன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அப்பா மரச்சாமான் செய்பவர். ஊருக்குச் சவப்பெட்டி செய்ததும் அவர்தான். நம் பிள்ளைகள் பலர் சேர ஆசைப்படும் அதே ஆன் ஆர்பர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாரோ ஓராண்டு சட்டம் படித்தார். மீதியை ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே கற்று 1878இல் வக்கீலானார். பிறகு சிகாகோவில் ஒரு பெரிய ரயில் நிறுவனத்தின் வக்கீல். 1894இல் புல்மன் ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் யூஜீன் டெப்ஸ் மீது வழக்குப் பாய்ந்தபோது, அந்த ரயில் வேலையை உதறிவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். 1907இல் ஐடஹோவில், முன்னாள் ஆளுநர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொல்லத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட சுரங்கத் தொழிலாளர் தலைவர் பில் ஹேவுட்டுக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். ஊரே ஒருவரைத் தூக்கில் போடத் துடிக்கும்போது அவர் பக்கத்தில் போய் உட்காருவதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை.

அவரை மகானாக்கிக் காட்டும் நாடகம் இல்லை இது. உங்களில் எத்தனை பேர் பிரதியை முழுதாகப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் கட்டடம் 1910இல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டு 21 பேர் இறந்த வழக்கில், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான ஜூரிகளுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக டாரோ மீதே குற்றம் சாட்டப்பட்டதும், முதல் வழக்கில் விடுதலையாகி இரண்டாவது வழக்கில் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் போனதும் பிரதியில் இருக்கிறது. 1932இல் ஹொனலூலுவில் ஜோசப் கஹஹவாய் என்ற ஹவாய் இளைஞரைக் கடத்திக் கொன்ற வெள்ளையர்களுக்காக அவர் வாதாடியதும் இருக்கிறது. டெட்ராய்ட்டில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்காகப் பேசிய மனிதர் ஏழே ஆண்டில் அந்த வழக்கை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று ஒரு மாணவி மேடையில் கேட்பதாக ஒரு வசனம் வருகிறது. அதை நான் எழுதித் தரவில்லை. அவளே எழுதினாள். இந்த ஆண்டு முழுக்க என் வகுப்பில் நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான்.

அடுத்து சிகாகோ காட்சி. 1924இல் பாபி ஃபிராங்க்ஸ் என்ற 14 வயதுப் பையனை நேதன் லியோபோல்டும் ரிச்சர்ட் லோப்பும் கொன்றார்கள். ஒருவருக்கு 19 வயது, மற்றவருக்கு 18. இருவரும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், படிப்பில் புலிகள். காரணம் என்று சொல்ல எதுவுமே இல்லாத கொலை. டாரோ அவர்களை நிரபராதிகள் என்று சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். அதற்குக் காரணம் இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டால் ஜூரி கிடையாது; தூக்கா, ஆயுளா என்ற முடிவு நீதிபதி ஜான் கேவர்லி ஒருவர் தலையில் விழும். பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு தூக்கு என்று சொல்வது சுலபம், தனியாக ஒருவர் சொல்வது கடினம் என்பது அவர் கணக்கு. மூன்று நாட்களாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். தூக்கு விழவில்லை. ஆயுள் தண்டனையும் கூடவே 99 ஆண்டும் விதித்த நீதிபதி, அவர்களுடைய வயதைக் காரணமாகச் சொன்னார்.

இதில் பிள்ளைகள் எதைக் கொண்டாடிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள்? பதினேழு வயதுப் பிள்ளைகள் இந்தக் காட்சியை எழுதிய வாரங்களில் வகுப்பில் கடுமையாகச் சண்டை போட்டார்கள். தூக்கில்தான் போட்டிருக்க வேண்டும் என்று பாதிப் பேர் கடைசிவரை நின்றார்கள். பாபியின் பெற்றோருக்கு ஒரு வசனம்கூட இல்லையே என்று ஒருவன் கேட்டு, அதைச் சேர்க்க வைத்தான். கொலையை வெறுத்துக்கொண்டே கொலை செய்தவனுக்கும் ஒரு வக்கீல் வேண்டும் என்று யோசிக்கப் பழகுவது பிள்ளைகளுக்குக் கெடுதல் என்றால், நாம் அவர்களுக்கு எதைத்தான் கற்றுக்கொடுக்க வந்தோம்?

ஆனாலும் சிகாகோ காட்சிக்காக நான் இந்த மடலை எழுதவில்லை. சின்ன வகுப்புக் குழந்தைகளும் பார்க்கிற விழா. ஒரு சிறுவனின் கொலை அங்கே வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பேசி முடித்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது டேட்டனை வைத்துக்கொண்டு டெட்ராய்ட்டை வெட்டியதுதான்.

டேட்டன் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. டென்னசி மாநிலத்தின் பட்லர் சட்டத்தை மீறி மனிதன் விலங்கிலிருந்து பரிணமித்த பாடத்தைச் சொல்லிக்கொடுத்ததாக 1925 ஜூலையில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர் மேல் நடந்த வழக்கு. எதிரே வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், மூன்று முறை அதிபர் தேர்தலில் நின்றவர். வெயில் தாங்காமல் நீதிமன்றத்தைப் புல்வெளிக்கு மாற்றி, அங்கே டாரோ பிரையனையே சாட்சியாக நிறுத்திக் கேள்வி கேட்டார். ஜூரி ஒன்பது நிமிடத்தில் குற்றவாளி என்றது, 100 டாலர் அபராதம். மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும் என்பதால் டாரோவே அந்தத் தீர்ப்பைத்தான் கேட்டார். அறிவியல், துணிச்சல், சிரிப்பு எல்லாம் இருக்கிறது. யாருக்கும் உறுத்தாது என்று நினைத்தீர்கள்.

ஸ்கோப்ஸ் பாடம் நடத்திய புத்தகத்தைப் பார்த்தீர்களா? டென்னசி பள்ளிகளுக்கு அந்த மாநிலமே பாடநூலாக வைத்திருந்த உயிரியல் புத்தகம் அது. பரிணாமத்தைச் சொன்ன அதே புத்தகம் மனிதர்களை ஐந்து இனமாகப் பிரித்து, வெள்ளையரை எல்லோரிலும் உயர்ந்த வகை என்று எழுதியது. அறிவியலின் பெயரால் மனிதர்களைத் தரம் பிரிப்பது அன்றைக்கு நகரங்களிலும் கல்லூரிகளிலும் சர்வ சாதாரணம். பிரையனின் கவலைகளில் ஒன்று, பலசாலிகள் மட்டும் வாழ வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தப் பாடம் இடம் கொடுத்துவிடும் என்பது. அந்தக் கவலையை வெறும் மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைகளின் பிரதியிலும் பிரையன் கோமாளி இல்லை. டாரோவும் அந்தத் தரம் பிரிக்கும் போக்கை எதிர்த்து 1926இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆக, டேட்டனில் ஆசிரியரின் உரிமைக்காகப் பேசிய மனிதர் மூன்றே மாதத்தில் எந்த ஊருக்குப் போனார், யாருக்காகப் பேசினார் என்பதைச் சொல்லாமல் டேட்டனை மட்டும் காட்டினால், பிள்ளைகள் பாதிக் கதையைத்தான் சொன்னவர்கள் ஆவார்கள்.

அவர் வந்தது நம் ஊருக்கு.

ஆசியன் ஸ்வீட் ஒரு மருத்துவர். ஃபுளோரிடாவில் பிறந்து, ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1921இல் டெட்ராய்ட் வந்து தொழிலைத் தொடங்கியவர். மேல்படிப்புக்காக மனைவி கிளாடிஸோடு வியன்னாவும் பாரிஸும் போய்த் திரும்பினார். ஒரு பெண் குழந்தை. 1925இல் நகரத்தின் கிழக்குப் பகுதியில் கார்லண்ட் தெருவில், 2905 எண்ணுள்ள வீட்டை 18,500 டாலருக்கு வாங்கினார். சந்தை விலையைவிட அதிகம்தான், கறுப்பினத்தவர் என்பதால் அவருக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்காது. அந்தத் தெரு முழுக்க வெள்ளையர். அவர் வரப் போகிறார் என்று தெரிந்ததும் வாட்டர்வொர்க்ஸ் பார்க் முன்னேற்றச் சங்கம் என்ற பெயரில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

அந்தக் காலத்து டெட்ராய்ட்டை நம் பெற்றோர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1910இல் இந்த நகரத்தில் கறுப்பினத்தவர் 6,000 பேருக்கும் குறைவு. 1920இல் 40,000ஐத் தாண்டியது. எதற்கு வந்தார்கள்? கார் தொழிற்சாலை வேலைக்கு. நம்மில் பலரும் இதே ஊருக்கு அதே கார்களை நம்பித்தான் வந்தோம். வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளான் ஆதரித்த வேட்பாளர் 1924இல் மேயர் பதவியை மயிரிழையில் இழந்தார். ஸ்வீட் குடிபோவதற்குச் சில மாதம் முன்பு, அலெக்சாண்டர் டர்னர் என்ற இன்னொரு கறுப்பின மருத்துவரை ஒரு கும்பல் அவர் வாங்கிய புதுவீட்டிலிருந்து அதே நாளில் விரட்டியடித்திருந்தது. அதெல்லாம் தெரிந்துதான் ஸ்வீட் குடும்பத்தார் செப்டம்பர் 8ஆம் தேதி வந்தார்கள். குழந்தையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, துப்பாக்கிகளோடு வந்தார்கள்.

இரண்டாம் நாள் இரவு கூட்டம் பெருத்தது. போலீஸ் நின்றுகொண்டிருந்தது. கல் பறந்தது, ஜன்னல் உடைந்தது. வீட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். எதிர்ப்பக்கம் நின்ற லியான் பிரைனர் என்பவர் இறந்தார், இன்னொருவர் காயம்பட்டார். வீட்டிலிருந்த பதினொரு பேரையும் கைது செய்து கொலைக் குற்றம் சாட்டினார்கள். கிளாடிஸும் அதில் ஒருவர்.

மூன்று கறுப்பின வக்கீல்கள் முதலில் வழக்கை எடுத்தார்கள். ஜூலியன் பெர்ரி, செசில் ரவ்லெட், சார்ல்ஸ் மஹோனி. அப்புறம் கறுப்பினத்தவரின் முன்னேற்றத்துக்கான தேசிய சங்கம் டாரோவை அழைத்தது. அவருக்கு அப்போது 68 வயது. நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி. ஜூரியில் பன்னிரண்டு பேரும் வெள்ளையர், ஆண்கள். அரசுத் தரப்பில் சாட்சிக்குப் பின் சாட்சியாக வந்து, தெருவில் அன்று கூட்டமே இல்லை, ஏதோ சிலர் நின்றார்கள் என்றார்கள். ஓர் இளைஞன் மட்டும் தன்னையறியாமல் பெருங்கூட்டம் என்று தொடங்கி, உடனே நிறுத்தி, நிறையப் பேர் என்று மாற்றி, கடைசியில் சிலர் என்று முடித்தான். டாரோ விடவில்லை. சிலர் என்று சொல்லும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள் என்பதைக் குறுக்கு விசாரணையில் அவன் வாயாலேயே வரவழைத்தார். நம் பிள்ளைகள் இந்த இடத்தை ஒத்திகை பார்க்கும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. பத்து வருடமாகத் தமிழ் வசனத்தை மனப்பாடம் செய்யத் திணறுபவர்கள், இந்தக் காட்சியில் ஒரு சொல் தவறினாலும் அர்த்தம் மாறிவிடும் என்று தாங்களாகவே திருத்திக்கொள்கிறார்கள்.

ஸ்வீட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி அவர் வாழ்க்கையையே கேட்டார்கள். சின்ன வயதில் ஃபுளோரிடாவில் ஒரு கறுப்பின மனிதரைக் கும்பல் எரித்தது, 1919இல் வாஷிங்டனில் படிக்கும்போது நடந்த இனக்கலவரம், எல்லாம். கதவைத் திறந்து அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, தன் மக்களை வரலாறு முழுக்க விரட்டி வந்த அதே கும்பலைப் பார்ப்பதாகத் தோன்றியது என்றார். பயம் நியாயமானதா என்பதை அந்த வீட்டுக்குள் நின்றவர்களின் கண்ணால் பார்க்க வேண்டும், தெருவில் நின்றவர்களின் கண்ணால் அல்ல. இதுதான் டாரோவின் வாதம். முதல் வழக்கில் ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1926 ஏப்ரலில் ஸ்வீட்டின் தம்பி ஹென்றியை மட்டும் தனியாக விசாரித்தார்கள். இறுதி வாதத்தில் டாரோ ஏழு மணி நேரத்துக்கும் மேல் பேசினார். இதே வீட்டுக்குள் வெள்ளையர் இருந்து, வெளியே கறுப்பினக் கூட்டம் நின்றிருந்தால் வழக்கே வந்திருக்காது, பதக்கம் கொடுத்திருப்பார்கள் என்று அந்தப் பன்னிரண்டு வெள்ளையரிடம் நேரடியாகச் சொன்னார். சட்டம் கறுப்பினத்தவரைச் சமமாக்கிவிட்டது, சக மனிதர்கள்தான் அவர்களைச் சமமாக்கவில்லை என்றார். ஒருவனுடைய வீடு அவனுக்குக் கோட்டை, அவன் வெள்ளையனானாலும் கறுப்பனானாலும், என்று நீதிபதி மர்ஃபி ஜூரிக்குச் சொன்னார். மே 13ஆம் தேதி ஹென்றி விடுதலையானார். மற்றவர்கள் மீதிருந்த வழக்கையும் அடுத்த ஆண்டு கைவிட்டார்கள்.

வெற்றி என்று கைதட்டி முடிக்கிற காட்சியில்லை இது. குழந்தை காசநோயில் 1926இலேயே இறந்தது. கிளாடிஸ் அதே நோயில் 1928இல் இறந்தார். சிறையில்தான் அது தொற்றியது என்று நம்பப்பட்டது. ஹென்றியும் பின்னர் காசநோய்க்கே பலியானார். ஆசியன் ஸ்வீட் 1960இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். இந்த வரிகளையும் மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். இறந்த பிரைனரின் பெயரையும் மேடையில் சொல்கிறார்கள், அவரும் குடும்பம் உள்ள மனிதர் என்பதால்.

இது நம் விவகாரம் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். 1923இல், ஸ்வீட் அந்த வீட்டை வாங்குவதற்கு இரண்டே ஆண்டு முன்பு, பகத் சிங் திண்ட் என்ற இந்தியரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஏற்கெனவே கொடுத்த குடியுரிமையையும் பறிக்கத் தொடங்கினார்கள். அப்படிப் பறிகொடுத்த சான் பிரான்சிஸ்கோ வணிகர் வைஷ்ணோ தாஸ் பகாய் 1928இல் தற்கொலை செய்துகொண்டார். அவரும் மனைவி கலா பகாயும் பெர்க்லியில் ஒரு வீடு வாங்கிக் குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விடாமல் தடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு பெர்க்லியில் கலா பகாய் பெயரில் ஒரு தெரு இருக்கிறது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 பேருக்கு மட்டும் குடியேற அனுமதி.

நானும் என் கணவரும் முதலில் வாங்கிய வீட்டின் பழைய பத்திரங்களில் ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது. அந்த மனைப்பிரிவு போடப்பட்ட 1940களில் எழுதிய நிபந்தனை: காக்கேசிய இனத்தார் அல்லாத எவரும் இங்கே குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு. கையெழுத்துப் போடும் மேசையில் இருந்தவர், இது இப்போது செல்லாது, கவலைப்படாதீர்கள் என்றார். ஏன் செல்லாது? 1948இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட நிபந்தனைகளை எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்றதால். அந்தத் தீர்ப்பில் சேர்ந்த வழக்குகளில் ஒன்று டெட்ராய்ட்டின் மகீ குடும்பத்துடையது. அவர்களுக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். பிறகு 1968இல் வீட்டு உரிமைச் சட்டம். இந்த வரிசையில் முன்னால் நிற்கிறது கார்லண்ட் தெரு. அங்கே கல்லடி வாங்கியவர்களுக்கு நாம் பட்ட கடனை நம் பிள்ளைகள் தமிழில் சொல்லும்போது, அதை நம் விவகாரம் அல்ல என்று எப்படி எழுத முடிந்தது உங்களால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கசப்பானது. இங்கே ஜூரி கடமைக்கு நான் அழைக்கப்பட்டபோது, தேர்வின் நேரத்தில் வக்கீல் ஒருவர் எங்களைக் கேட்டார்: இந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலானவர்கள் இரண்டு தரப்பையும் கேட்காமல் சொல்ல முடியாது என்றார்கள். சரியான பதில், குற்றமற்றவர் என்பதுதான். இன்னும் ஓர் ஆதாரம்கூட வைக்கப்படவில்லையே. அந்த அறையில் அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. படித்தவர்களுக்கே அது இயல்பாக வருவதில்லை, பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

பழகாததன் விலையை நம் பள்ளியிலேயே ஒரு குடும்பம் கொடுத்தது. நம்மிடம் படித்த ஒரு பையன் கல்லூரி நாட்களில் கைது செய்யப்பட்டான். அவன் அம்மாவின் சம்மதத்தோடு, அடையாளம் எதுவும் தராமல் எழுதுகிறேன். செய்தி பரவிய அன்றைக்கே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நெருப்பில்லாமல் புகையுமா என்று ஒருவர் எழுதினார், பலர் ஆமாம் போட்டார்கள். அடுத்த நாள் அந்தக் குடும்பம் குழுவிலேயே இல்லை. பொங்கல் விழாவுக்கு இந்த முறை வராமல் இருந்தால் நல்லது என்று அந்த அம்மாவிடம் சொல்லப்பட்டது. நீதிமன்றத்துக்கு அவரோடு நான் போனேன். அங்கே அந்தப் பையனைப் பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டவர், நீதிமன்றம் நியமித்த ஒரு வக்கீல் மட்டும்தான். நம் மொழி பேசாத, நம் ஊர் தெரியாத ஒரு மனிதர். சில மாதங்கள் கழித்து அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டது. அதை யாரும் குழுவில் எழுதவில்லை. அந்தக் குடும்பத்தை யாரும் திரும்பச் சேர்க்கவும் இல்லை.

இந்த மாணவர்களில் சிலர் அவனோடு விளையாடி வளர்ந்தவர்கள். டாரோவைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல, அவர்கள். ஏன் என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை.

சென்ற ஆண்டு இதே மேடையில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைத்த காட்சியைப் போட்டோம். எழுந்து நின்று கைதட்டினீர்கள். கோவலனை விசாரிக்காமல் கொன்றது அநியாயம் என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் புரிந்தது. மதுரையில் புரிந்தது டெட்ராய்ட்டில் மட்டும் சர்ச்சையாகிவிடுமா?

விருந்தினர்கள் சங்கடப்படுவார்கள் என்பதற்கு நீளமாகப் பதில் சொல்ல விரும்பவில்லை. கார்லண்ட் தெரு வீட்டின் முன் மாநில அரசே வரலாற்றுப் பலகை வைத்திருக்கிறது. டெட்ராய்ட்டின் குற்றவியல் நீதிமன்றம் 2024 வரை இயங்கிய கட்டடத்துக்கு நீதிபதி மர்ஃபியின் பெயரைத்தான் சூட்டியிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் வெளிப்படையாக நினைவில் வைத்திருப்பதை நாம் மறைத்து யாரைக் காப்பாற்றுகிறோம்?

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். டெட்ராய்ட் காட்சியை முழுதாக, வெட்டாமல் நிகழ்ச்சி நிரலில் திரும்பச் சேருங்கள். இரண்டு காட்சிக்கு நேரம் போதாது என்றால் டேட்டனைச் சுருக்க மாணவர்கள் தயார். சிகாகோ காட்சியை விழாவிலிருந்து எடுக்க நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பெற்றோருக்கும் பெரிய வகுப்பு மாணவர்களுக்கும் மட்டும் வேறொரு நாளில் அதை நடத்த வகுப்பறையைத் தாருங்கள். டெட்ராய்ட் இல்லாமல் டேட்டன் மட்டும்தான் என்பதில் நீங்கள் உறுதியாக இருந்தால், மாணவர்களின் பிரதியைப் பயன்படுத்தாதீர்கள். அவர்களுடைய பெயரை அழைப்பிதழில் போடாதீர்கள்.

இறுதி முடிவு எடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு வந்து காட்சியைப் பாருங்கள். அங்கேயே உங்கள் ஆட்சேபங்களை மாணவர்களிடம் நேரில் சொல்லுங்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். இனி மாணவர்களின் படைப்பு எதையாவது நிறுத்துவதானால், யார் ஆட்சேபித்தார்கள், எந்த வரியை என்று எழுத்தில் தர வேண்டும் என்ற விதியைப் பள்ளி ஏற்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தைப் பெற்றோர் குழுவில் மறுபடி சேருங்கள். வழக்குக் கைவிடப்பட்டதை, அவர்கள் விரும்பினால், அதே குழுவில் நிர்வாகத்தின் பெயரில் எழுதுங்கள். விழாவுக்கு அந்த அம்மாவை நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் நேரில் போய் அழைக்க வேண்டும். தொலைபேசியில் அல்ல, வீட்டுக்குப் போய்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் உங்கள் பதில் வேண்டும். அதை எனக்கு எழுத வேண்டாம், மாணவர்களின் பெயருக்குத் தமிழில் எழுதுங்கள். வகுப்பில் அதை அவர்களே வாசித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மேல்வகுப்புத் தன்னார்வ ஆசிரியை